சொல்லாமல் சொல்லும் கதைகள்

ஓர் இளம்பெண் பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். 1991இல் வெளியான ‘தளபதி’ திரைப்படம் இப்படித் தொடங்கும்போதே தமிழ் ரசிகருக்குக் குந்தியும், அவள் பெற்ற கர்ணனோடு ஆற்றில் மிதந்த பேழையும் நினைவுக்கு வந்துவிடும். நாயகன் பெயர் சூர்யா, அவனுடைய தம்பி அர்ஜுன். யாரும் மகாபாரதக் கதையை எடுத்துச் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை.

பழைய கதை ஒன்றைப் பெயராலோ காட்சியாலோ தொட்டுவிட்டு நகர்வதில் எழுத்தாளருக்குப் பெரும் லாபம் உண்டு. பல பக்கங்களில் விளக்க வேண்டியதை வாசகரின் நினைவே நிரப்பிவிடுகிறது. ஆனால் நினைவுபடுத்துவது பாதி வேலைதான். எங்கே மாற்றுகிறார்கள் என்பதில்தான் படைப்பாளியின் திறமை தெரியும். ‘தளபதி’யில் கர்ணன் இடத்தில் இருக்கும் சூர்யா சாவதில்லை, துரியோதனன் இடத்தில் இருக்கும் தேவாதான் சாகிறான். முடிவு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை அந்த மரணம் உலுக்கியது.

இதை இன்னும் துணிச்சலாகச் செய்தவர் எழுத்தாளர் புதுமைப்பித்தன். 1943இல் வந்த அவரது ‘சாபவிமோசனம்’ கதையில், கல்லாகக் கிடந்து ராமனால் மீண்ட அகலிகை சீதையின் அக்கினிப் பிரவேசத்தைக் கேள்விப்பட்டு மறுபடியும் கல்லாகிறாள். ராமாயணம் தெரிந்தவருக்கே அந்த அதிர்ச்சி முழுதாகப் புரியும்.

இங்கேதான் ஒரு கவலையும் எழுகிறது. மூலக்கதை தெரியாத தலைமுறைக்கு இந்தக் குறிப்புகள் வெறும் பெயர்களாகிவிடும். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாரதக் கதையையும் ராமாயணக் கதையையும் சொல்லிக் கொடுங்கள். கூடவே புதுமைப்பித்தனையும் படிக்கக் கொடுங்கள்.