இலங்கையில் மலேரியா ஒழிப்பு

மலேரியா என்பது பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணியால் ஏற்படும் காய்ச்சல் நோயாகும். பெண் அனோபிலிசு நுளம்புகள் (கொசுக்கள்) இதனைப் பரப்புகின்றன. இலங்கையில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்திய இந்நோய், உள்நாட்டில் தொற்றுவது 2012 ஆம் ஆண்டுடன் நின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

வரலாறு

1934-35 இல் ஏற்பட்ட கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். இலங்கையில் இந்நோயைப் பரப்பிய முதன்மை நுளம்பினமான அனோபிலிசு கியூலிசிபேசீசு, ஆற்றுப்படுகைகளில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. 1934 இல் மழை பொய்த்ததால் ஈரவலய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, நுளம்புகள் பெருகின. அப்பகுதி மக்களுக்கு இந்நோய்க்கெதிரான எதிர்ப்பாற்றல் குறைவாக இருந்ததால் பாதிப்பு கடுமையாயிற்று.

1940களின் நடுப்பகுதி முதல் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி தெளிக்கப்பட்டது. 1963 இல் 17 நோயாளர்களே பதிவாயினர். இதனையடுத்துத் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. விளைவாக, 1960களின் இறுதியில் நோய் மீண்டும் பரவி இலட்சக்கணக்கானோரைப் பாதித்தது. பின்னர் நுளம்புகள் டி.டி.டிக்கு எதிர்ப்பாற்றல் பெற்றமையால் 1970களில் மாலத்தியான் பயன்பாட்டிற்கு வந்தது.

சிகிச்சை

குருதிப் பரிசோதனை மூலம் ஒட்டுண்ணியின் வகை கண்டறியப்பட்ட பின்னரே உரிய மருந்து தீர்மானிக்கப்படுகிறது.

வைவாக்சு வகை: குளோரோகுயின் குருதியிலுள்ள ஒட்டுண்ணிகளை அழிக்கிறது. கல்லீரலில் உறங்குநிலையில் இருப்பவற்றை அழிக்கப் பிரைமாகுயின் தேவை. இதனை முழுமையாக உட்கொள்ளாவிடின் நோய் பல மாதங்களுக்குப் பின்னரும் திரும்பக்கூடும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உடையவர்களில் இம்மருந்து குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம்.

பால்சிபாரம் வகை: விரைவில் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆர்ட்டிமிசினின் சார்ந்த கூட்டு மருந்துகள் வழங்கப்படுகின்றன. நோய் முற்றிய நிலையில் ஆர்ட்டிசுனேட் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது.

தடுப்பு

பூச்சிகொல்லி ஊட்டப்பட்ட நுளம்பு வலைகள், வீட்டினுள் மருந்து தெளித்தல், நடமாடும் மருத்துவக் குழுக்கள் மூலம் நோயாளரைத் தேடிச் சென்று பரிசோதித்தல் ஆகியவை ஒழிப்புக்கு உதவின. 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போதும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் இப்பணிகள் முற்றாகக் கைவிடப்படவில்லை.

மீள்பரவல் அபாயம்

நோய் பரப்பும் நுளம்புகள் இலங்கையில் இன்னும் உள்ளன. மேலும், நகர்ப்புறக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிசு இசுடீபன்சி இனம் 2016 இல் மன்னாரில் கண்டறியப்பட்டது. எனவே வெளிநாட்டிலிருந்து நோயுடன் வரும் ஒருவரிடமிருந்து மீண்டும் பரவல் தொடங்கலாம். மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோர் முன்கூட்டியே தடுப்பு மருந்து உட்கொள்ள வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், தமது பயணத்தை மருத்துவரிடம் தெரிவித்துக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுதல் அவசியமாகும்.