ஆஸ்பத்திரிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

செஞ்சியில் சொந்த வீடு இருப்பவர்கள் பேரூராட்சி கொடுத்த சொத்து வரி ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நீங்கள் கட்டும் வரியில் நூலக வரியும் அடக்கம். 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் வந்தது அது. நூலகத்துக்கு இப்படி ஒரு பங்கு உண்டு; ஆஸ்பத்திரிக்குக் கிடையாது. ‘அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்றால் சேர்மன் என்ன செய்துகொண்டிருக்கிறார்?’ என்று டீக்கடையில் கேட்கிறோம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இடம் வேறு.

ஒரு காலத்தில் அந்தக் கேள்வி சரியாகவே இருந்தது. செஞ்சி தென்னாற்காட்டில் இருந்த நாட்களில், 1920-ம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் ஜில்லா போர்டுகளும் நகராட்சிகளும்தான் பல ஊர்களில் மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் நடத்தின. 1939-ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. நகராட்சி தன் வருமானத்தில் 30 சதவீதத்துக்கும், ஜில்லா போர்டு 12½ சதவீதத்துக்கும் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது அது. எவ்வளவு துணிச்சலான சட்டம்! இன்றும் அது நடைமுறையில்தான் இருக்கிறது. கொரோனாவின்போது முகக்கவசம் போடாதவர்களிடம் 200 ரூபாய் அபராதம் வாங்கியதும் இதன் கீழ்தான். அபராதப் பிரிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒதுக்கீட்டுப் பிரிவைத்தான் யாரும் பேசுவதில்லை.

1958-ம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் மறைந்தன. மருத்துவமனைகள் மாநில அரசின் துறைகளிடம் போயின. 73, 74-வது அரசியல் சாசனத் திருத்தங்கள் வந்தபோது நிலைமை மாறியிருக்கலாம். கிராம ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையின் 23-வது இனத்தில் மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகம் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. நகரங்களுக்கான 12-வது அட்டவணையில் ‘பொதுச் சுகாதாரம்’ உண்டு, ‘மருத்துவமனை’ என்ற சொல் இல்லை. ஆக, செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் காகிதத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குக் காகிதத்திலும் இல்லை. கேரளத்தில் 1990-களிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களையும் தாலுகா மருத்துவமனைகளையும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஊராட்சி தன் திட்ட நிதியில் மருந்து வாங்க முடியும், சாயங்கால ஓ.பி.க்கு டாக்டர் போட முடியும். இங்கே முடியாது.

செஞ்சி அரசு மருத்துவமனைக்குச் சம்பளமும் கட்டடமும் மாநில பட்ஜெட்டிலிருந்து வருகின்றன. மருந்தை 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. இது தவிர, 15-வது மத்திய நிதிக்குழு 2021 முதல் 2026 வரை, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது.

இன்னொரு வழியும் உண்டு, அது உங்கள் கையில் இருக்கிறது: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் இந்த அட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சேரும்போதும் காட்டுங்கள். திட்டத்தில் உள்ள சிகிச்சை என்றால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது, அதன் வசதிகளுக்குச் செலவாகிறது. அட்டையைப் பீரோவில் பூட்டிவைத்தால் நஷ்டம் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை வாங்கலாம். உதவிக்கு 1800 425 3993.

‘நிதி இல்லை’ என்று யாராவது கைவிரித்தால் நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். 1980-ல் ரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடையைச் சரிசெய்யப் பணமில்லை என்ற சாக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1996-ல், ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை தருவது அரசின் கடமை, மறுப்பது வாழ்வுரிமையைப் பறிப்பது என்று அதே நீதிமன்றம் சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது.

டாக்டர், மருந்து, கருவி பற்றிய மனு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் போக வேண்டும். யாராவது கையூட்டு கேட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் சொல்லுங்கள். அங்கும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆஸ்பத்திரி வாசலில் தேங்கும் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு இவை பேரூராட்சியின் பொறுப்பு. அவற்றைப் பகுதி சபா கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் செஞ்சி தலையில் கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அமாவாசைதோறும் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டம் இந்த ஊரைக் கடந்துதான் போகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு பிடிக்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பயணிகள் வேறு. திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் அடிபடுபவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதலில் தூக்கி வருவது இங்கேதான். ஒரு பேரூராட்சியின் வீட்டு வரி இதைத் தாங்காது. மாநிலம்தான் தர வேண்டும். ஆனால் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதில் இந்த ஊருக்குப் பேச்சு இருக்க வேண்டும். இப்போது அது இல்லை.

அதுவரை தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கடந்த ஆண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்த காப்பீட்டுத் தொகை எவ்வளவு, எதற்குச் செலவானது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.