சேசுவும் இயேசுவும்

பதுளை நகருக்குச் செல்வோர் பரிசுத்த மாற்கு ஆலயத்தைக் காணாது திரும்புதல் அரிது. 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அந்நகரிலேயே கத்தோலிக்கருக்கு மரியன்னை பேராலயம் உண்டு; மெதடிஸ்தருக்கும் தனி ஆலயம் உண்டு. ஒரே ஆண்டவரைத் தொழுவார்க்கு ஒரு சிறு நகரில் மூன்று வாயில்கள் எதற்கு என்று வினவினால், சரித்திரம் வல்லோர் ஐரோப்பாவின் பதினாறாம் நூற்றாண்டைச் சுட்டுவர். யானோ தமிழாசிரியன். எனக்குத் தெரிந்த பிரிவு சொல்லிலே கிடக்கின்றது.

முற்காலக் கத்தோலிக்கர் கடவுளைச் சர்வேசுரன் என்றனர். மீட்பரைச் சேசுநாதர் என்றனர். பரிசுத்த ஆவியை இஸ்பிரீத்து சாந்து என்றனர். இறுதியிற் சொன்னது போர்த்துக்கீசரோடு கப்பலேறி வந்த திசைச்சொல். தரங்கம்பாடி வழிவந்த புரொட்டஸ்தாந்தரோ முதலில் பராபரன் என்றும், பின்னர்த் தேவன் என்றும் வழங்கினர். இயேசு என்றே பாடினர். ஒருவர்க்குப் பூசை, மற்றவர்க்கு ஆராதனை. இவ்விரு தமிழும், பஞ்சத்துக்கு அஞ்சிக் கோப்பித் தோட்டங்களை நாடி நடந்து வந்த மக்களோடு மலையேறின. 1854இல் தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியால் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை அழைப்பித்தது. கத்தோலிக்கரைத் தேடி அவர்தம் குருமாரும் தோட்டந்தோறும் சென்றனர். ஆயின் லயத்துக் காம்பராக்களைப் பங்கிட்ட கணக்கப்பிள்ளை சபை பார்த்துப் பங்கிடவில்லை.

யான் பிறந்த லயத்திலே சுவரொன்றே இடையாக இரு மூதாட்டியர் வாழ்ந்தனர். ஒருவர் செபமாலை உருட்டுபவர். மற்றவர் ஞாயிறுதோறும் வேதப்புத்தகத்தைச் சேலைத்தலைப்பில் மூடிக்கொண்டு செல்பவர். கொழுந்துக் கூடையும் அடுப்பு நெருப்பும் அவர்களுக்குப் பொது, வேதம் வேறு. என் பதினோராம் அகவையில், கார்த்திகைக் கடைசி மழையில், செபமாலைக்காரர் இறந்தார். மண் சரிந்து பாதை மூடியமையால் சுவாமியார் வர இயலவில்லை. இரண்டு நாள் காத்திருந்தும் பயனில்லை. அடுத்த காம்பரா மூதாட்டியே குழியருகில் நின்று செபம் சொன்னார். தொடங்கியவர் சற்றே நின்றார். பின், தம் வாழ்நாளில் ஒருமுறையும் உச்சரியாத அச்சொல்லால், “சேசுவே, இவளை ஏற்றுக்கொள்ளும்” என்றார்.

வீடு திரும்புகையில் அவர் மகன், “நாம அப்படிச் சொல்ல மாட்டோமே, அம்மா?” என்றான்.

“அவ கூப்பிட்ட பேரு அதுதானேப்பா,” என்றார்.

பெரியோர் செய்த முயற்சிகளையும் யான் சிறுமைப்படுத்தேன். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்ததைக் கண்டு, இலங்கையிலும் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்திஸ்தர், பிரசுபித்தேரியர், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தார் ஆகிய ஐவரும் ஒன்றாதற்கு நெடுங்காலம் திட்டம் வகுத்தனர். 1963இல் பிலிமத்தலாவையிலே குருமாணவர்க்குப் பொதுக் கல்லூரி எழுந்தது, அது நிலைத்தது. இலங்கைத் திருச்சபையோ 1972இல் பிறக்கும் தறுவாயில் நீதிமன்ற வழக்கொன்றினால் தடைப்பட்டது. அவ்வாண்டிலேதான் கத்தோலிக்கர்க்குப் பதுளை தனி மறைமாவட்டம் ஆகி, லியோ நாணாயக்கார ஆண்டகை அதன் முதல் ஆயரானார்.

சொல்லிலே ஒன்றுபடுதல் ஓரளவு வாய்த்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர்க் கத்தோலிக்கர் சேசுவை விட்டு இயேசு என்றனர். 1995இல் இருசாராரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. கடவுள், தூய ஆவி என அதன் தமிழ் தெளிவானது. பண்டிதன் என்ற முறையில் எனக்கு அதன்மேல் விருப்பம் அதிகம். எனினும் புரொட்டஸ்தாந்தருட் பலர் பழைய நூலையே பற்றி நிற்கின்றனர். தாய் மடியிற் கேட்ட சொல்லை விடுதல் எளிதன்று. அவரை யான் நோவேன் அல்லேன்.

அந்நூல் வந்தபோது எம் லயத்து மூதாட்டி உயிரோடில்லை. அவர் மகன் வீட்டில் இரு நூல்களும் ஒரே பலகையில் இருக்கக் கண்டேன். இரவுச் செபத்துக்கு அவர் எடுப்பது பழையதையே. கத்தோலிக்க மருமகள் வாசிக்கும் நாளில் மட்டும் மற்றதை.