போனை வெச்சதுக்கு அப்புறம் யார்கிட்ட பேசறது?

இந்த எபிசோடு எங்க அக்காவைப் பத்தி. அவங்க ஆம்பூர் பக்கம் சமூகப் பணியாளர். ஷூவோட மேல்பாகத்தை வீட்டிலேயே கையால தைச்சுக் கொடுக்கிற பெண்களோடதான் அவங்களுக்கு வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு தோல் தொழில் இருக்கிற ஊர்கள்ல இந்தத் தையல் சகஜம். ஜோடிக்கு இவ்வளவுன்னுதான் கூலி.

2020 மார்ச் 25, ஊரடங்கு. ஆலைகளை மூடினாங்க, வீட்டுத் தையலும் நின்னு போச்சு. நான் சென்னையிலிருந்து வேலூர் வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவோட டீம்ல எட்டு பேர். எல்லாருமே வீட்டிலிருந்து போன்ல வேலை பார்க்க ஆரம்பிச்சாங்க.

"இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்"னு நான் கெத்தா ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தேன். கேஸ் நம்பர், நிலைமை, அடுத்து எப்போ கூப்பிடணும். கூடவே தினமும் காலையில 15 நிமிஷ மீட்டிங். அப்படியே எங்க ஆபீஸ் மாதிரி.

மூணாவது வாரம், ஒரு ராத்திரி அக்கா மொட்டை மாடியில தனியா உட்கார்ந்திருந்தாங்க. புருஷன் அடிக்கிறான்னு ஒரு பெண் மெதுவா சொல்லிட்டு இருக்கும்போதே லைன் கட் ஆயிடுச்சாம். திரும்பக் கூப்பிடவும் பயம், போன் அவன் கையில இருந்தா?

"ஷீட்ல 'மறுபடி அழைக்கணும்'னு போட்டுட்டேன்டா. எனக்கு என்ன போடறது?"

என்கிட்ட பதில் இல்ல.

முன்னாடியெல்லாம் ரெண்டு பேரா வீடுகளுக்குப் போவாங்க. மனசு கனமா இருந்தா திரும்பி வர்ற பஸ்லயோ டீக்கடையிலயோ பேசிடுவாங்க. அது எந்த ரிப்போர்ட்லயும் வராது. அதனால நான் போட்ட சிஸ்டத்துலயும் வரல. தகவலை மட்டும் ஆன்லைனுக்கு மாத்தினேன், டீக்கடையை விட்டுட்டேன்.

இதைத் தேடிப் படிச்சப்போ இங்கிலாந்துல ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோட ஒரு கருத்து கிடைச்சது. ஓடி விளையாடுற குழந்தை, அம்மா அங்கதான் இருக்காங்களான்னு அப்பப்போ திரும்பிப் பார்க்கும் இல்லையா? அந்தப் பாதுகாப்பான தளம் ஒரு சமூகப் பணியாளருக்கு அவங்க டீம்தான்னு சொல்றாங்க. அதுக்கு அஞ்சு விஷயம் வேணும்: கூப்பிட்டா ஆள் இருக்கணும், சொல்லாததையும் புரிஞ்சுக்கணும், தப்பு நடந்தாலும் ஏத்துக்கணும், சேர்ந்து வழி தேடணும், 'நான் இந்த டீம் ஆளு'ங்கிற எண்ணம் இருக்கணும். 2020ல கொரோனா சமயத்துலயும் இதே ஆய்வைத் தொடர்ந்தாங்க, வீட்டிலிருந்து வேலை செய்யும்போது இது என்ன ஆகுதுன்னு பார்க்க.

அக்கா டீம் செஞ்சது ரொம்ப சிம்பிள். எட்டு பேரும் நாலு ஜோடியானாங்க. கஷ்டமான கால் பேசறதுக்கு முன்னாடி ஜோடிக்கு ஒரு மெசேஜ். முடிஞ்சதும் பத்து நிமிஷமாவது போன்ல பேசணும், மெசேஜ் போதாது. ஏன்னா 'ஓகே'ன்னு டைப் பண்றது ஈஸி, குரல்ல பொய் சொல்றது கஷ்டம். வாட்ஸ்அப் குரூப்ல யார் பேரும், யார் கதையும் வரக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை டீம் லீடர் ஒவ்வொருத்தரையும் கூப்பிடுவாங்க. அதுல கேஸ் பேச்சே கிடையாது.

இது வெறும் ஆறுதல் இல்ல, வேலையும் இதனால நல்லா நடந்துச்சு. லைன் கட்டான பெண் விஷயத்துல வழி சொன்னது ஜோடியா இருந்த அக்காதான்: "ரேஷன் பத்திக் கேட்கிற மாதிரி கூப்பிடு. அவன் எடுத்தாலும் சந்தேகம் வராது." அப்படியே கூப்பிட்டாங்க. எடுத்தது அந்தப் பெண்தான். பெண்களுக்கான உதவி எண் 181ஐ மனப்பாடமா சொல்லிக் கொடுக்க முடிஞ்சது. தனியா மாடியில உட்கார்ந்திருந்தா அக்காவுக்கு இது தோணியிருக்காது.

உங்க டீம்லயும் யாராவது இப்படி வேலை பார்த்தா, 'கேஸ் என்ன ஆச்சு?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி 'நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னு போன் போட்டுக் கேளுங்க. டீம்ல பேச முடியலன்னா டெலி மானஸ் 14416 இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

அந்த ஷீட் இன்னும் இருக்கு. அதுல அக்கா புதுசா ஒரு காலம் சேர்த்திருக்காங்க: 'யார்கிட்ட பேசின?'

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.