மரத்த விரல்களும் சீனத்து ஊசியும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களுள் பலர், நோய் அடங்கிய பின்னரும் ஒரு துன்பத்தைச் சுமந்து வருகின்றனர். விரல் நுனிகள் மரத்துப் போகின்றன, உள்ளங்கால் எரிகின்றது, சட்டைப் பொத்தானைப் போடவும், காலில் செருப்பு இருப்பதை உணரவும் இயலுவதில்லை. இஃது எதனால் விளைகின்றது, அக்குபங்சர் என்னும் சீன ஊசிச் சிகிச்சை இதற்கு எவ்வளவு தூரம் துணை செய்யும் என்பவற்றை நாம் இங்கே ஆராய்வோம்.

புற்றணுக்களை அழிக்கும் மருந்துகளுள் சில, நரம்புகளையும் தாக்குகின்றன. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் அவற்றுள் ஒன்று. பாக்ளிடாக்சல், சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் ஆகியனவும் அத்தகையனவே. பாதத்திற்கும் கைக்கும் செல்லும் நரம்பிழைகள் மிக நீண்டவை. ஆதலின் அவற்றின் நுனிகளே முதலில் நலிகின்றன. காலுறையும் கையுறையும் மூடும் பகுதிகளில் மரமரப்புத் தோன்றுவது இதனாலேயே. ஆக்சாலிபிளாட்டின் பெறுவோர்க்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே குத்தல் உண்டாகும். டில்லியிலும் லக்னோவிலும் மார்கழி, தை மாதங்களைக் கழிக்கும் நம்மவர் இதனைக் குளிர்காலத்து இயல்பென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

மருந்து ஏதுமற்ற மெல்லிய ஊசிகளை உடலில் குறித்த இடங்களில் செருகி, ஏறத்தாழ அரைமணி நேரம் விட்டு வைப்பதே அக்குபங்சர். உயிராற்றல் ஓடும் பாதைகளை இது சீர்செய்கின்றது என்பது சீனரின் பழங்கொள்கை. ஊசியின் தூண்டுதலால் உடலிலேயே வலியடக்கும் பொருள்கள் சுரக்கின்றன என்பது இக்கால ஆய்வாளர் தரும் விளக்கம். 1938-இல் இந்திய மருத்துவக் குழுவினருடன் சீனம் சென்ற டாக்டர் பி. கே. பாசு, பிற்காலத்தில் மீண்டும் அங்குச் சென்று இக்கலையைக் கற்றுக் கல்கத்தாவில் பரப்பினார். மத்திய அரசு 2019-இல் இதனைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

இனிப் பயனைக் காண்போம். 2020-இல் அமெரிக்காவில் இரு சிறு ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. நியூயார்க் ஆய்வில் 75 பேரும், பாஸ்டன் ஆய்வில் மார்பகப் புற்றுநோயினின்று மீண்ட 40 பெண்களும் பங்கு கொண்டனர். எட்டு வாரம் ஊசி பெற்றவர்களுக்கு, வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட வலி குறைந்தது. எனினும், இத்தொகை முடிந்த முடிபு கூறப் போதாது. அவ்வாண்டிலேயே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, பயன் இருக்கக்கூடும் என்றதேயன்றி இதனைப் பரிந்துரைக்கவில்லை. வலிக்கு அது பரிந்துரைத்தது டுலாக்செடின் என்னும் மருந்து ஒன்றையே.

ஆகவே ஊசிச் சிகிச்சை துணையே ஆகும், மாற்று அன்று. இதனை நம்பிப் புற்றுநோய் மருந்தை நிறுத்துவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர். சிகிச்சையளிக்கும் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் வெள்ளணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருக்கும்போது அது தீங்காகலாம். அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டவர்கள், அப்பக்கத்துக் கையில் ஊசி ஏற்றல் ஆகாது. ஒருவர்க்குப் பயன்படுத்திய ஊசியைப் பிறர்க்குப் பயன்படுத்தலும் ஆகாது.

மரமரப்பு தொடங்கிய அன்றே மருத்துவரிடம் கூறுதல் தலையாய கடமை. மருந்தின் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்ய அது உதவும். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே சொல்லும் ஒரு தடையாகின்றது. இந்தி வழங்கும் ஊர்களில் மரத்துப்போதலைச் 'சுன்' என்றும், ஊசி குத்துவது போன்ற உணர்வை 'ஜுன்ஜுனி' என்றும், எரிச்சலை 'ஜலன்' என்றும் கூறினால் மருத்துவர் உடனே உணர்ந்துகொள்வார். உணர்விழந்த காலில் காயம் பட்டாலும் தெரியாது. ஆதலின் நாள்தோறும் பாதங்களைக் கண்ணால் பார்த்துக்கொள்வதும், வெந்நீரின் சூட்டை வேறொருவர் கையால் தொட்டுப் பார்க்கச் செய்வதும் நலம் பயக்கும்.