தோட்டத்து வீட்டுக்கு கேமரா... 230 வோல்ட் வாசலைத் தாண்ட வேண்டாம்!

''வீட்டிலிருந்து 160 அடி தள்ளி ஆட்டுப்பட்டி இருக்கிறது. இரண்டு முறை ஆடு திருடு போனதால் கேமரா வைத்தேன். பகலில் படம் பளிச்சென்று தெரிகிறது. இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து வருகிறது. வேறு கேமரா மாற்றியும் சரியாகவில்லை. வீட்டிலிருந்து 230 வோல்ட் கரன்ட்டை பட்டி வரைக்கும் இழுத்து, அங்கேயே அடாப்டரைச் செருகிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் கேமரா மாட்டியவர். செய்யலாமா?''

கரூர் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள் தாக்கப்பட்ட செய்திகள் வந்தபிறகு, கேமரா பற்றிய கேள்விகள் அதிகம் வருகின்றன. எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதற்குக் கரன்ட் எப்படிக் கொடுப்பது என்று கேட்பவர்கள் குறைவு. ஆபத்து இருப்பது அங்கேதான்.

வாசகருக்குப் பதில்... செய்ய வேண்டாம். ஏன் என்பதற்கு, நான் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அந்த வீட்டு அம்மா, ''ஏனுங்க தம்பி, துணி எடுக்கப் போனா கை சுருக்குனு இழுக்குதுங்க. ஈரக்கையினால அப்படி இருக்குமாட்ட இருக்குது'' என்றார். பார்த்தால், மாட்டுக்கொட்டகை கேமராவுக்காகத் திண்ணையிலிருந்து சாதாரண இரட்டைக் கம்பி ஒயரை இழுத்திருந்தார்கள். நடுவில் தொங்காமல் இருக்க, அதைத் துணி காயப்போடும் கொடிக்கம்பியோடு சேர்த்தே கட்டியிருந்தார்கள். காற்றில் ஆடி ஆடி, கட்டிய இடத்தில் ஒயரின் தோல் உரிந்திருந்தது. கொடிக்கம்பியில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினோம்.

அன்று வெயில் காலம், தரை காய்ந்து கிடந்தது, அந்த அம்மா செருப்பும் போட்டிருந்தார். ஐப்பசி மழையில், வெறுங்காலோடு போயிருந்தால் நிலைமையே வேறு. இத்தனைக்கும் அந்த கேமராவுக்குத் தேவைப்பட்ட மின்சாரம் வெறும் 6 வாட்ஸ்தான்!

அடாப்டர் உள்ளே... கேமரா வெளியே!

நம் பக்கம் விற்கும் கேமராக்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் அல்லது 5 வோல்ட் டி.சி-யில் ஓடுபவை. 230 வோல்ட்டை அப்படி இறக்கித் தருவதுதான் அடாப்டரின் வேலை. அடாப்டர் வீட்டுக்குள், நனையாத இடத்தில் இருந்தால், வெளியே போவது 12 வோல்ட் மட்டும்தான். அந்த ஒயர் அறுந்து விழுந்தாலும், அணில் கடித்தாலும், மாடு மென்றாலும் கேமரா அணையுமே தவிர, உயிருக்கு ஆபத்து வராது. நல்ல தரமான அடாப்டராக இருப்பது முக்கியம். கூடவே வரும் அடாப்டர் கெட்டுப்போனால், தெருவில் கிடைக்கும் மலிவு சரக்கைச் செருகாதீர்கள். உள்ளே 230-க்கும் 12-க்கும் நடுவில் இருக்கும் தடுப்பு சரியில்லாவிட்டால், வெளியே போகிற ஒயரிலும் ஷாக் அடிக்கும்.

சரி, வாசகரின் கேமரா ஏன் இரவில் மட்டும் அணைகிறது? இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 0.2 ஆம்பியர் இழுத்த கேமரா, அப்போது 0.5 ஆம்பியர் இழுக்கும். அரை சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.04 ஓம் தடை உண்டு. 160 அடி என்பது ஏறத்தாழ 50 மீட்டர். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று 100 மீட்டருக்குச் சுமார் 4 ஓம். 0.5 ஆம்பியர் போகும்போது 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கேமராவுக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்தான். அது போதாமல் அணைகிறது. அணைந்ததும் சுமை குறைந்து மறுபடி உயிர் வருகிறது. விளக்கு எரிந்ததும் திரும்ப அணைகிறது. நீளமான வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் குறைவது மாதிரிதான். கேமராவைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கேமரா ஒயர் என்று கடையில் கொடுப்பதில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் கலந்திருக்கிறது. அதில் இழப்பு இன்னும் கூடும்.

தீர்வு, ஒயரின் கனத்தைக் கூட்டுவது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் அதே தூரத்துக்கு இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் அதே ஒயர்தான், எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். 12 வோல்ட்டுக்குப் பதில் 15 வோல்ட் அடாப்டர் போடச் சொல்பவர்களும் உண்டு. இரவில் சரியாகத்தான் இருக்கும். பகலில் சுமை குறைந்ததும் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பல கேமராக்கள் அதைத் தாங்காது. 5 வோல்ட் கேமராவாக இருந்தால் இந்த ஒயர் நீட்டும் வேலையே ஆகாது. 5-ல் ஒன்றரை வோல்ட் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

புதிதாக வாங்குபவர்கள் 'பி.ஓ.இ' வகை கேமராவைக் கேட்டுப் பாருங்கள். இதில் படம் வரும் லேன் கேபிளிலேயே சுமார் 48 வோல்ட் டி.சி-யும் போய்விடும். வீட்டுக்குள் ஒரு சுவிட்ச் பெட்டி, அங்கிருந்து ஒரே கேபிள். 100 மீட்டர் வரை போகலாம். முழுச் செம்பு கேபிளா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால்...

சில இடங்களில் வாசல் விளக்கு பாயின்ட்டிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால், ஐ.பி.66 என்று அச்சிட்ட மூடியுள்ள பெட்டிக்குள் அடாப்டரை வையுங்கள். தூசியும், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான குறியீடு அது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை பாலிதீன் பையில் சுற்றிக் கட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மழை உள்ளே போகாது என்பது உண்மை. வேர்க்கும் ஈரம் வெளியே வராது என்பதும் உண்மை. ஒயர் பெட்டிக்குள்ளோ, சுவருக்குள்ளோ நுழையும் முன்பு ஊஞ்சல் கயிறு போலக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். மழைத்தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். பெட்டியின் துளைகளை அடைக்காமல் விட்டால், எறும்பும் பல்லியும் குடிவந்துவிடும்.

இரும்புக் கம்பத்தில் 230 வோல்ட் வேண்டவே வேண்டாம். மின்வாரியக் கம்பம், அதன் இழுவைக் கம்பி இரண்டிலும் கேமராவையோ, ஒயரையோ கட்டக் கூடாது. மாட்டுக்கொட்டகையில் கூடுதல் கவனம் வேண்டும். சாணமும் கோமியமும் ஊறிய தரையில் நான்கு காலோடு நிற்கும் மாடு, மனிதர் தாங்கும் அளவு மின்சாரத்தைக்கூடத் தாங்காது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று பாருங்கள். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இடையில் யார் உடம்பு வழியாகவாவது கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். ஃபியூஸும் எம்.சி.பி-யும் இந்த வேலையைச் செய்யாது. அவை ஒயரைக் காப்பாற்றுபவை. காங்கேயம் வீட்டில் எம்.சி.பி இருந்தது, ஆர்.சி.சி.பி இல்லை.

திருடன் ஃபியூஸைப் பிடுங்கினால்?

பிடுங்குவான். கேமராவுக்கும் இன்டர்நெட் மோடத்துக்கும் சேர்த்து 12 வோல்ட் 'மினி யு.பி.எஸ்' ஒன்று வீட்டுக்குள் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் கிடைக்கிறது. இரண்டு கருவிகளும் 12 வோல்ட்தானா என்று அடியில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு இணைக்கவும். இடி, மின்னல் நேரத்தில் செருகியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிடுங்கள், லேன் கேபிள் உட்பட. நன்றாகத் தெரியும் என்று தென்னை மர உச்சியில் கேமரா கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்னலுக்கு அழைப்பு வைத்த மாதிரி!

மோட்டார் ரூம் இலவச மின்சாரத்தில் போடலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். விவசாய இணைப்பு பாசனத்துக்காகக் கொடுக்கப்படுவது. அதில் வீட்டுக்கோ, வேறு வேலைக்கோ கரன்ட் எடுத்தால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் இருமடங்கு கட்டணம் விதிக்க முடியும். மோட்டாரைக் கண்காணிக்க மட்டும் ஒரு கேமரா என்றால்கூட, உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கிணற்றடிக்கும் பட்டிக்கும் சூரிய ஒளிதான் சரி. சிம் கார்டு போட்ட 4ஜி கேமரா 6 வாட்ஸ் எடுத்தால், ஒரு நாளைக்கு 144 வாட் ஹவர். 75 வாட்ஸ் பேனல், 12 வோல்ட் 40 ஏ.ஹெச் பேட்டரி, நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் இருந்தால் ஒன்றரை நாள் மூட்டத்தைச் சமாளிக்கும். மழைக்காலத்தில் நான்கு நாள் வெயிலே இல்லாவிட்டால் அணையத்தான் செய்யும். கேமராவோடு ஒட்டி வரும் உள்ளங்கை அளவு பேனல்கள், ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் விழிக்கும் வகைக்குத்தான் போதும். பேனல் தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கட்டும். ஒரே ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலும் உற்பத்தி பாதியாகக் குறையலாம். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் போட வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால், பேட்டரி ஒயர்கள் ஒன்றோடு ஒன்று உரசினால் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் சொல்லவே வேண்டாம். பேட்டரிப் பெட்டியை இரண்டடி உயரத்தில், காற்றோட்டமாக, எலி ஏறாதபடி வையுங்கள்.