நட்ட நாற்றும் புதிய மாணவரும்

நடவு முடிந்த வயலை நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால், பழக்கமில்லாதவருக்கு ஓர் ஐயம் எழும். நாற்றங்காலில் கரும்பச்சையாக நின்ற நாற்று இங்கே வெளிறி, மஞ்சளாகி, தலை சாய்ந்து நிற்கிறதே, பயிர் பட்டுப்போய்விடுமோ? தஞ்சை உழவர் இதைக் கண்டு கலங்குவதில்லை. நாற்றைப் பறிக்கும்போது அதன் நுண்ணிய வேர்கள் பல அறுந்துவிடுகின்றன. நீரையும் தழைச்சத்தையும் உறிஞ்சும் ஆற்றல் சில நாளைக்குக் குறைகிறது. புதுவேர் விட்டதும் பயிர் பச்சை கொடுக்கும். பின்பு தூர் கட்டும். அதுவரை வயலில் மெல்லிய அளவு நீர் நிறுத்தினால் போதும். நாள்கள் பல சென்றும் மஞ்சள் மாறாவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும்: துத்தநாகக் குறைவா, நோயா, வடிகால் இல்லையா என்று.

கல்லூரிக்கு முதன்முறையாக வரும் மாணவரும் பறித்து நட்ட நாற்றைப் போன்றவரே. மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்தோ வேதாரண்யம் கடற்கரையிலிருந்தோ வந்து விடுதியில் தங்குகிறார். வீட்டுச் சோறு இல்லை. தெரிந்த முகம் இல்லை. பள்ளியில் தமிழில் படித்த பாடம் இங்கே ஆங்கிலத்தில் ஓடுகிறது. முதல் சில வாரங்கள் அவர் வாடியிருப்பது இயல்பு. எந்த வாட்டம் இயல்பானது, எது கவனிக்க வேண்டியது, கவனிக்க வேண்டியவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அறிவியலும் சட்டமும் இன்று விடை தருகின்றன.

உடலுக்குள் ஒரு மதகு

அச்சமோ நெருக்கடியோ வரும்போது நம் உடலில் நிகழ்வது யாது? மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, உடல் விழிப்படைகிறது. தேர்வுக்கு முந்தின நாள் நம்மைப் படிக்க வைப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

போதிய அளவு கார்ட்டிசால் சேர்ந்ததும், அதுவே மூளைக்குச் சென்று 'இனிப் போதும்' என்று சொல்லிச் சுரப்பை அடக்குகிறது. வாய்க்காலில் நீர் நிரம்பியதும் மதகை இறக்குவது போன்ற ஏற்பாடு இது. ஆனால் நெருக்கடி ஓயாமல் நீடித்தால் மதகு சரியாக இறங்குவதில்லை. இரவில் குறைய வேண்டிய கார்ட்டிசால் குறையாமல் நிற்கிறது. தூக்கம் கெடுகிறது, பசி மாறுகிறது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் வேலையும் தடைப்படுகிறது. நன்றாகப் படித்த பாடம் தேர்வு அறையில் நினைவுக்கு வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 'சோம்பேறி', 'அக்கறை இல்லாதவன்' என்று நாம் பெயர் சூட்டும் மாணவர் பலர் உண்மையில் நீர் வடியாத வயலில் நிற்பவர்கள்.

வயதும் ஒரு காரணமாகிறது. ஆத்திரத்தை அடக்கி விளைவை எண்ணிப் பார்க்கச் செய்யும் முன்மூளைப் பகுதி, ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2005இல் வெளியான பெரியதோர் ஆய்வு, மனநோய்களுள் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளாகவே தலைகாட்டிவிடுகின்றன என்று கண்டது. அதாவது கல்லூரிப் பருவமே இந்நோய்கள் முளைவிடும் பருவம். அவற்றை முதலில் காணக்கூடிய இடமும் கல்லூரியே.

கும்பகோணத்தில் காணாமல் போன மாணவர்

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காவிரிக் கரையில் உள்ள கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904ஆம் ஆண்டு ஒரு மாணவர் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. ஆனால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. உதவித்தொகை பறிபோயிற்று. துணிக்கடையில் கணக்கு எழுதிய தந்தையின் மாத வருமானத்தைவிடக் கல்லூரிக் கட்டணம் மிகுதி. 1905 ஆகஸ்டு மாதம், வீட்டில் எவரிடமும் சொல்லாமல் அந்த 17 வயது மாணவர் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பெற்றோர் பதறித் தேடினர். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

திரும்பி வந்தபின்னும் துன்பம் தீரவில்லை. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், உடல்நலம் குன்றியது. இடைக்கலைத் தேர்வில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தோற்றார். பட்டம் பெறாமலேயே கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

பின்னர் அவர் எழுந்தது எப்படி? சிலர் அவருடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தனர். என்ன வேண்டும் என்று கேட்டனர். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மூளையின் ஆற்றல் 1905இலும் 1913இலும் ஒன்றுதான். இடையில் மாறியது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு.

1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். இரண்டாம் முறையாகப் பறித்து நடப்பட்ட நாற்று! அங்கே குளிர், போர்க்காலத் தட்டுப்பாடு, சைவ உணவைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டிய நிலை, தனிமை. 1917இல் கடும் நோயுற்று மருத்துவ இல்லங்களில் தங்கினார். 1918இன் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். நல்வாய்ப்பாகப் பிழைத்தார், பேராசிரியர் ஹார்டி துணை நின்றார். அதே ஆண்டு இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோய் முற்றிலும் தீராதபோதும், ஊக்கம் மீண்டு மேலும் கணித ஆய்வுகள் செய்தார். 1920இல் 32ஆம் வயதில் மறைந்தார்.

அறிவுக் கூர்மை மனச்சோர்வுக்குக் காப்பு ஆகாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒரு தாளில் தவறியதும் உதவியை முழுவதுமாக அறுத்துவிடும் விதி, மாணவரைத் திருத்துவதைவிட விரட்டவே செய்யும் என்பதையும் காட்டுகிறது.

சிதம்பரத்தில் நேர்ந்த கொடுமை

மாணவருக்கு வரும் ஆபத்து எல்லாம் உள்ளிருந்தே வருவதில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, நெல்வயல்கள் சூழ்ந்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1996 நவம்பரில் பொன். நாவரசு என்னும் முதலாண்டு மருத்துவ மாணவர் கொலையுண்டார். குற்றவாளி அதே கல்லூரியின் மூத்த மாணவர். பின்னணி, ராகிங் என்னும் பகடிவதை. தமிழகமே அதிர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 1997இல் அது சட்டமாயிற்று. பகடிவதைக்கு இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும். கொலை வழக்கில் உயர்நீதிமன்றம் 2001இல் வழங்கிய விடுதலையை 2011இல் உச்சநீதிமன்றம் ரத்துசெய்து, ஆயுள் தண்டனையை நிலைநாட்டியது.

பகடிவதைக்கு உள்ளானவர் ஏன் வாய் திறப்பதில்லை? சொன்னால் மேலும் அடி விழும் என்ற அச்சம். எல்லாரும் பட்டதுதானே என்ற எண்ணம். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற கவலை. ஆகவே, புகார் வரட்டும் என்று காத்திருக்கும் கல்லூரி எதையும் தடுக்க முடியாது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள் இதை உணர்ந்தவை. முதலாண்டு மாணவருக்குத் தனி விடுதிப் பகுதி, எதிர்பாராத நேரத்தில் சுற்றிவரும் கண்காணிப்புக் குழு, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழி ஆகியவை அவற்றுள் சில. மாணவியர்க்கு இன்னொரு காப்பும் உண்டு. பாலியல் தொல்லை பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு அமைந்திருக்க வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் இன்று சொல்வது

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர் தற்கொலையால் இறந்தனர் என்று தேசியக் குற்றப் பதிவகம் கூறுகிறது. இந்நிலையை முன்னிட்டு உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில், உயர்கல்வி மாணவரின் மனநலம் பற்றி ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி இரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அவ்வாண்டு ஜூலையில் வேறொரு வழக்கில், 100 மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டியது.

இன்னொரு பழைய அச்சமும் நீங்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வரும் என்று குடும்பங்கள் மறைப்பதுண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று கூறிவிட்டது. சிகிச்சைக்குத் தயங்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் அது வெறும் ஊர் நினைவு அன்று. தூக்கம் கெடுதல், உணவை ஒதுக்குதல், வகுப்புக்கு வராமை, பிடித்த விளையாட்டிலும் பேச்சிலும் நாட்டமின்மை, 'நான் யாருக்கும் பாரம்' என்ற பேச்சு, தன் உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். 'சொல்பவர் செய்யமாட்டார்' என்பது தவறான நம்பிக்கை. 'நாமாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம்' என்பதும் தவறே. 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று அன்போடு நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலும் பாரத்தையே இறக்குகிறது. கேட்ட பின் அறிவுரை வேண்டாம், செவி கொடுங்கள். 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடாமல் உடன் இருந்து, ஆலோசகரிடமோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கெஞ்சினாலும் இதில் மட்டும் இரகசியம் காக்கக் கூடாது.

நெல் விளையும் ஊர்களில் பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உயிரை விடும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் எட்டாதிருந்தால் உயிர் தங்கும். எனவே பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வைக்க வேண்டும். 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'சிநேகா' அமைப்பைச் சேர்ந்தோர், காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் வங்கிப் பெட்டகம் போன்ற பொதுச் சேமிப்பு அறைகளைக் கட்டி இம்முறையைச் சோதித்துப் பார்த்தனர், மக்களும் ஏற்றுக்கொண்டனர். இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின், 1995இல் இருந்த தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வருகைப் பதிவேடு அபராதம் போடுவதற்கு மட்டும் உரியதன்று. ஒழுங்காக வந்த மாணவர் திடீரென ஒரு வாரம் வரவில்லை என்றால், முதலில் செய்தி சொல்வது அந்தப் பதிவேடுதான். அன்றே அவருடைய அறைக்கு ஒருவரை அனுப்பி விசாரிக்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் தமிழ்வழி மாணவருக்கு முதல் பருவத்திலேயே மாலை வகுப்பு நடத்தினால் பல துன்பங்கள் முளைக்கும் முன்பே தீரும்.

மாணவர்கள் இரண்டு எண்களைத் தம் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மனத்துயர் எதுவாயினும் அழைக்க, 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவை: 14416. இரவு பகல் எந்நேரமும் இயங்குவது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பகடிவதை பற்றிப் புகார் சொல்ல: 1800-180-5522. தமக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து அறை நண்பருக்கு ஒருநாள் தேவைப்படலாம்.